பழைய கிளாரினெட் கைக்கு வந்திருக்கிறதா? சுத்தம் செய்யும் முறை

என் பெரியப்பா சிவாஜிநகரில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். செப்டம்பர் 8 மாதா திருவிழா சமயத்தில் பெங்களூரில் மழையும் கூடவே வரும். நனைந்து வீட்டுக்கு வந்தால், சட்டையை மாற்றுவதற்கு முன் வாத்தியத்தைத் துடைக்க உட்கார்ந்துவிடுவார். அந்தக் கிளாரினெட் இப்போது என்னிடம் இருக்கிறது, இன்னும் பாடுகிறது.

கர்நாடக இசைக் கிளாரினெட் கலைஞர் ஏ.கே.சி. நடராஜன் வாசிப்பைக் கேட்டு ஆசைப்பட்டு, கைமாறிய கிளாரினெட் ஒன்றை வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பளபளப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஈரத்தையும் அழுக்கையும் கவனித்தாலே பாதி ரிப்பேர் வராது.

முதலில் பிரியுங்கள்

மவுத்பீஸ், பீப்பாய் போன்ற சின்னத் துண்டு, மேல் கட்டை, கீழ்க் கட்டை, கடைசியில் விரிந்த வாயுள்ள மணி என்று ஐந்து பாகம். மேல் கட்டையையும் கீழ்க் கட்டையையும் இணைக்கும் இடத்தில் ஒரு பாலக் கீ (இரண்டையும் பாலம் போலச் சேர்க்கும் உலோக நெம்பு) இருக்கும். மேல் கட்டையில் விரல் துளைகளைச் சுற்றியுள்ள வளையங்களை அழுத்திப் பிடித்தால் அது தூக்கிக்கொள்ளும். அப்படிப் பிடித்துக்கொண்டே திருப்புங்கள், இல்லாவிட்டால் வளைந்துவிடும். இணைப்பில் சுற்றியிருக்கும் கார்க் காய்ந்து இறுகியிருந்தால் பலத்தைக் காட்ட வேண்டாம், மெதுவாக இப்படியும் அப்படியும் அசைத்து எடுங்கள்.

மவுத்பீஸ்

பழைய ரீடு (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் பட்டை) இருந்தால் தூக்கிப் போடுங்கள். இன்னொருவர் வாயில் வைத்தது நமக்கு வேண்டாம். மவுத்பீஸை வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டுக் கழுவலாம். கொதிக்கும் நீர் கூடாது. கெட்டி ரப்பரான கருப்பு எபோனைட் நிறம் மாறும், உருவமும் கெடும். உள்ளே வெள்ளையாகப் படிந்திருப்பது எச்சிலில் வரும் சுண்ணாம்பு. வினிகரும் நீரும் சரிபாதி கலந்து அந்தப் பகுதியை மட்டும் பத்து நிமிடம் முக்கி வைத்தால் இளகும். கார்க் நனையக் கூடாது. கடைசி அலசலுக்குக் குடிக்கும் தண்ணீர் எடுங்கள். நம் ஊர் போர் தண்ணீரில் அலசினால் அந்த உப்பே மறுபடி படியும். நுனியைத் துணியால் தேய்க்காதீர்கள், சுரம் பிறக்கும் இடம் அது.

கட்டையின் உள்பக்கம்

மரமா பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். மரமென்றால் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருங்காலி வகை. எதுவானாலும் குழாயடியில் காட்டக் கூடாது. கீகளுக்கு அடியில் துளைகளை மூடும் மெத்தை போன்ற பேட்கள் நீரில் ஊறிப் போகும். நூல் கட்டிய பருத்தித் துணியை அகலமான பக்கத்திலிருந்து விட்டு மெதுவாக இழுங்கள். துணியில் முடிச்சோ மடிப்போ இருக்கக் கூடாது. மேல் கட்டைக்குள் கட்டைவிரல் கீயின் சின்னக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், துணி சிக்குவது அங்கேதான். சிக்கினால் குச்சி விட்டுக் குத்தாமல், வந்த வழியே பின்னுக்கு இழுங்கள்.

ஒட்டும் பேட்

பழைய கிளாரினெட்டில் எல்லோரும் சொல்லும் குறை இதுதான்: விரலை எடுத்ததும் கீ உடனே எழும்பாமல் 'பிச்' என்று ஒட்டிக்கொண்டு வரும். சிகரெட் சுருட்டும் மெல்லிய தாளைப் பேட்டுக்கும் துளைக்கும் நடுவில் வைத்து, கீயைச் சற்றே அழுத்திச் சில நொடி பிடித்து விடுங்கள். தாளில் பழுப்பாக ஈரமும் பிசுக்கும் ஏறியிருக்கும். புதுத் தாளால் மறுபடி செய்யுங்கள், கறை நிற்கும்வரை. அழுத்தியிருக்கும்போதே தாளை இழுத்தால் பேட்டின் தோல் கிழிந்துவிடும்.

கீகளுக்கு அடியில் சேர்ந்த தூசியைச் சன்னமான வாட்டர் கலர் பிரஷால் தட்டி எடுங்கள். மேலே உலர்ந்த மென்துணி போதும். பித்தளைப் பாத்திரம் தேய்க்கும் பாலிஷ் வேண்டவே வேண்டாம், இடுக்கில் புகுந்து அசைவையே கெடுக்கும்.

எண்ணெய்

கீயின் தண்டும் அதைத் தாங்கும் தூணும் சேரும் இடத்தில், ஊசி முனையில் எடுத்த ஒரே ஒரு சொட்டு கீ ஆயில். வழிந்ததை உடனே துடையுங்கள், பேட்டில் பட்டால் மறுபடி ஒட்டும். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். டிசம்பர் காலையில் நம் வீட்டுப் பாட்டிலில் அது உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீக்குள்ளும் அப்படித்தான் உறையும். கார்க்குக்கு அதற்கென்றே விற்கும் கிரீஸ், மெல்லியதாக.

காற்று கசிகிறதா?

மேல் கட்டையில் விரல் துளைகளை இடது கையால் மூடி, அடி வாயை வலது உள்ளங்கையால் அடைத்து, மேல் வாயில் மெதுவாக உறிஞ்சுங்கள். சில நொடி பிடிப்பு நின்றால் பேட்கள் நன்றாக இருக்கின்றன. உடனே விட்டுவிட்டால் ரிப்பேர்காரரிடம் போங்கள். பேட் மாற்றுவது முதல் தடவையே வீட்டில் செய்கிற வேலை இல்லை.

தினமும்

வாசித்து முடித்ததும் துணி இழுங்கள், ரீடைக் கழற்றித் துடைத்துத் தட்டையாக வையுங்கள். ஈரத் துணியைப் பெட்டிக்குள் போட்டு மூடாதீர்கள். குளிர் காலத்தில் மரக் கிளாரினெட்டை எடுத்த உடனே ஊதக் கூடாது. உள்ளே சூடான மூச்சு, வெளியே சில்லென்ற மரம், மேல் கட்டை வெடிப்பது இப்படித்தான். பெரியப்பா விடியற்காலை ஊர்வலத்துக்குப் போகும்போது மேல் கட்டையைக் கம்பளிக்குள், அக்குளில் இடுக்கிக்கொண்டேதான் நடப்பார். அது கதகதப்பாகும்வரை வாயருகே கொண்டுபோக மாட்டார்.