எக்ஸ்ரே படிப்பு: செய்த அன்றைக்குத் தெரியாத தவறுகள்

ஃபிலிம் காலத்தில் தவறு செய்தால் டார்க் ரூமிலேயே மானம் போய்விடும். டெவலப்பரில் முக்கியெடுத்த ஃபிலிம் கன்னங்கரேலென்று இருந்தால் எக்ஸ்போஷர், அதாவது கொடுத்த கதிர், கூடிவிட்டது, வெளிறிக் கிடந்தால் குறைந்துவிட்டது. ஈரம் சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக்கொண்டு சீனியர் முன்னால் போய் நிற்க வேண்டும். இப்போது எல்லாம் டிஜிட்டல். கூடுதலாகக் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் சரிக்கட்டி அழகான படமாகக் காட்டிவிடும். அதனாலேயே இன்று ரேடியோகிராபி படிக்க வரும் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் செய்த அன்றைக்குத் தெரிவதில்லை. சில மூன்று மாதம் கழித்துத் தெரியும். சில, வேலை கேட்டுப் போய் நிற்கும்போது தெரியும். சிலவற்றை நோயாளி மட்டும் சுமந்துகொண்டு போவார், யாருக்கும் தெரியாது. நானே செய்தவையும் இதில் உண்டு.

முதல் தவறு கல்லூரியில் சேரும் அன்றே நடக்கிறது. பஸ் ஸ்டாண்டு சுவரில் "ஆறு மாத எக்ஸ்ரே டெக்னீஷியன் கோர்ஸ், வேலை உறுதி" என்று ஒட்டியிருப்பதைப் பார்த்துச் சேர்வது. துணை மருத்துவப் பணியாளர்களுக்காக 2021-இல் மத்திய அரசு ஓர் ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி, இந்தத் துறையில் அங்கீகாரம் பெற்ற பணியாளர் என்று சொல்லிக்கொள்ளவே குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும், அதுவும் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பரவியிருக்க வேண்டும். ஆறு மாதத்தில் அது எப்படி முடியும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பழகிய வழிகள் இரண்டு: அரசு மருத்துவக் கல்லூரிகளில் இரண்டு வருட டிப்ளமோ, இல்லையென்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்று வருடம் வகுப்பும் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப்புமாக பி.எஸ்சி. அரசு வேலைதான் குறி என்றால், சேர்வதற்கு முன்பே எம்.ஆர்.பி.யின் (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) பழைய அறிவிப்பு ஒன்றைத் தேடி எடுத்து, ரேடியோகிராபர் பணிக்கு எந்தப் படிப்பின் பெயரை எழுதியிருக்கிறார்கள் என்று வரி வரியாகப் படியுங்கள். இதைப் படித்து முடித்த பிறகு பார்ப்பவர்கள்தான் அதிகம்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் ஏசி வகுப்பையும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். சொந்த மருத்துவமனை இருக்கிறதா, காலை பத்து மணிக்கு எக்ஸ்ரே அறை வாசலில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் அங்கேயே இருக்கின்றனவா, மாணவர்களுக்கு டி.எல்.டி. பேட்ஜ் (உடலில் படும் கதிரை அளக்கும் பேட்ஜ்) கொடுக்கிறார்களா? இந்த நான்கும் போதும். வரிசையே இல்லாத எக்ஸ்ரே அறையில் பொசிஷனிங், அதாவது படத்துக்கு ஏற்றபடி நோயாளியை நிறுத்துவதும் படுக்கவைப்பதும், கற்றுக்கொள்ள முடியாது.

அப்புறம் பெற்றோர் ஒரு குழப்பத்தில் இருப்பார்கள். படம் எடுப்பவர் ரேடியோகிராபர். படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட், அவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படித்த டாக்டர். பி.எஸ்சி. முடித்தால் இரண்டாவது ஆளாகிவிடலாம் என்று நம்பி வருபவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

படம் அழகாக இருக்கிறது, அதனால் என்ன?

பயாலஜி பிடிக்கும், ஃபிசிக்ஸ் வேண்டாம் என்று வருபவர்கள் முதல் வருடத்தில் சமாளித்துவிடுவார்கள். மனப்பாடம் செய்தால் பாஸாகிவிடலாம். ஆனால் எக்ஸ்போஷர் சார்ட்டையும் அப்படியே மனப்பாடம் செய்துவைத்திருப்பார்கள். செஸ்ட் என்றால் இவ்வளவு கே.வி. (கதிரின் ஊடுருவும் வலு), இவ்வளவு எம்.ஏ.எஸ். (கதிரின் அளவு) என்று. எதிரே நாற்பது கிலோ பாட்டி நின்றாலும் சரி, நூறு கிலோ லாரி டிரைவர் நின்றாலும் சரி, ஒரே எண்தான். கே.வி.யை 15 சதவீதம் ஏற்றுவது எம்.ஏ.எஸ்.ஸை இரண்டு மடங்காக்குவதற்குச் சமம் என்பது பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. எழுபதை எண்பதாக்கும்போது கை என்ன செய்கிறது என்று அந்த நேரத்தில் யோசிப்பதில்லை.

குறைத்துக் கொடுத்தால் டிஜிட்டல் படம் மணல் தூவியதுபோலப் பொரிப்பொரியாக வரும், டாக்டர் திட்டுவார். கூட்டிக் கொடுத்தால் படம் வழவழவென்று வரும், யாரும் திட்டமாட்டார்கள். எந்தப் பக்கம் சாய்வோம்? கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் கூட்டிக்கொண்டே போவார்கள். திரையின் ஓரத்தில், எவ்வளவு கதிர் வந்து சேர்ந்தது என்று காட்ட எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் என்று ஓர் எண் வரும். அதை ஒவ்வொரு படத்துக்கும் பார்க்கும் மாணவரை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன். அந்த எண் மட்டும்தான் இன்றைய டார்க் ரூம்.

இதே கதைதான் காலிமேஷனிலும், அதாவது தேவையான இடத்தில் மட்டும் கதிர் விழும்படி குறுக்குவதிலும். லைட்டை அகலமாகத் திறந்துவைத்து எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஓரத்தை வெட்டிவிடுவார்கள். படம் பார்க்கக் கச்சிதமாக இருக்கும். வெட்டப்பட்டது படம்தான். கைப் படம் எடுக்கப்போய் வயிற்றில் விழுந்த கதிர் விழுந்ததுதான்.

மார்க்கர், அதாவது படத்தில் வலது இடது காட்ட வைக்கும் ஈய எழுத்து, விஷயத்தில் எனக்கே ஒரு பாடம் நடந்தது. பயிற்சிக் காலத்தில் ஒருநாள், நெரிசல் நேரம். வலது பக்கத்துக்கான ஆர் எழுத்து வைக்காமல் ஒரு செஸ்ட் எடுத்தேன், அப்புறம் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம் என்று. திரையில் இதயம் வலது பக்கம் இருந்தது. ஐயோ, படம் திரும்பிவிட்டது என்று நானே அதைத் திருப்பி, ஆர் போட்டு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் டாக்டரிடமிருந்து போன். அவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டிருக்கிறார், அந்த மனிதருக்கு இதயம் உண்மையிலேயே வலது பக்கம்தான். எங்கோ ஒருவர் என்று நினைத்து விட்டுவிடலாம்தான். ஆனால் திருப்பிப் போட்ட கால் படமும் கைப் படமும் கண்டுபிடிக்கவே முடியாதவை, இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஈய எழுத்தை எக்ஸ்போஷருக்கு முன்பே வையுங்கள். கம்ப்யூட்டர் எழுத்து நினைவை நம்பிப் போடுவது.

பெயரிலும் இதே ஆபத்து. "நீங்கதான் மாரியம்மாளா?" என்று கேட்டால், காலையிலிருந்து காத்திருந்து களைத்தவர், காது சரியாகக் கேட்காதவர், யாராக இருந்தாலும் "ஆமா" என்றுதான் சொல்வார். வரிசையில் இரண்டு மாரியம்மாள் இருப்பது நம் ஊரில் அதிசயமா? "உங்க பேர் என்னம்மா, வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று அவர் வாயாலேயே சொல்லவையுங்கள்.

புத்தகத்தில் ஆள் இல்லை

செஸ்ட் பி.ஏ. (முதுகுப் பக்கமிருந்து கதிர் விட்டு எடுக்கும் மார்புப் படம்) என்றால் 180 சென்டிமீட்டர் தூரம், ஆழ்ந்த மூச்சு, தோளை முன்னால் தள்ளித் தோள்பட்டை எலும்பை நுரையீரலுக்கு வெளியே கொண்டுவர வேண்டும். இதை எல்லோரும் சரியாக எழுதுவார்கள். ஆனால் நீண்ட ஜடை தோளில் கிடந்தால் அதன் நிழல் நுரையீரலின் உச்சியில் விழுந்து காசநோய்ப் புள்ளிபோலத் தெரியும் என்பது ஒருமுறை மாட்டிக்கொண்டால்தான் மனதில் நிற்கும். ஜடையைத் தூக்கிக் கொண்டையாக முடியச் சொல்லுங்கள். ஊக்கு, தாயத்து, இடுப்பு எக்ஸ்ரே என்றால் அரைஞாண் கயிறு, எல்லாவற்றையும் கேளுங்கள். தாலியைக் கழற்றச் சொல்லிச் சண்டை இழுப்பவர்கள் உண்டு. மேலே ஏற்றிப் பல்லில் கடித்துக்கொள்ளச் சொன்னால் வேலை முடிந்தது. மூச்சைப் பிடிக்கச் சொல்வதற்கு முன் ஒருமுறை நீங்களே செய்துகாட்டுங்கள். முதல்முறை கேட்பவர்கள் பலர் தோளைத்தான் தூக்குவார்கள், மூச்சை இழுக்கமாட்டார்கள்.

கர்ப்பமா என்று கேட்கவேண்டிய இடத்தில் தடுமாறாதவர்கள் குறைவு. மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் பதில் "இல்லை"தான். உள்ளே தனியாக அழைத்து, "கடைசியா தூரம் எப்பம்மா வந்துச்சு?" என்று அவர்களுக்குப் பழகிய சொல்லில் கேட்க வேண்டும். மாணவன் கூச்சப்பட்டால் நர்ஸைக் கேட்கச் சொல்லட்டும். கேட்காமல் விடுவது மட்டும் கூடாது.

இன்னொன்று, படம் வந்தவுடன் "தம்பி, எலும்பு முறிஞ்சிருக்கா?" என்பார்கள். விவரம் தெரிந்ததைக் காட்டிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். "டாக்டர் பார்த்துச் சொல்வார்" என்பதைத் தவிர வேறு பதில் வேண்டாம்.

பயம் இடம் மாறிப் போவது

முதல் வருடப் பிள்ளைகள் எக்ஸ்ரே அறைக்குள் நுழையவே பயப்படுவார்கள், உள்ளே கதிர் தேங்கி நிற்பதுபோல. எக்ஸ்போஷர் பட்டனை விட்ட கணத்தில் எக்ஸ்ரே நின்றுவிடும், அறையில் ஒன்றும் மிச்சமிருக்காது. அதே பிள்ளைகள் எம்.ஆர்.ஐ. அறைக்குள் பாக்கெட்டில் சாவியோடு சர்வசாதாரணமாகப் போவார்கள், அங்கே கதிர்வீச்சு இல்லையாம்! அந்தக் காந்தம் இரவு பகல், ஸ்கேன் நடந்தாலும் நடக்காவிட்டாலும் உயிரோடுதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில், உறவினருக்குத் துணையாக வந்த இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போய், காந்தம் இழுத்ததில் உயிரிழந்தார். கதவருகே யார், கையில் என்ன என்று பார்ப்பது அந்த அறையில் பாதி வேலை.

எக்ஸ்ரேயில் பயப்படவேண்டிய இடம் வேறு. அழும் குழந்தையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றால் சீனியர்கள் கூப்பிடுவது மாணவனைத்தான். ஒருமுறை சரி என்றால் அவன்தான் நிரந்தரப் பிடிக்கும் ஆள். பிடிக்கவேண்டியது குழந்தையின் உறவினர், கர்ப்பமாக இல்லாதவர், ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு. மறுக்கும்போது மரியாதையாகச் சொல்லுங்கள், ஆனால் மறுத்துவிடுங்கள். ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்குத் தள்ளி நின்றால் வாங்குவது கால்வாசிதான் என்பதும் பரீட்சையோடு மறந்துபோகிற இன்னொரு வரி.

டி.எல்.டி. பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே, மார்பு உயரத்தில் அணிய வேண்டும். இங்கே நடப்பது என்னவென்றால், கோட்டில் குத்தி, கோட்டை எக்ஸ்ரே அறை ஆணியிலேயே மாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். மூன்று மாதம் கழித்து அளவு வரும்போது, அது ஆணி வாங்கிய கதிர். பணியாளருக்கு ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு வைத்திருக்கிறது. எண் எகிறினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். வீட்டு அலமாரியிலேயே கிடக்கும் பேட்ஜ் இதைவிட மோசம். ஒன்றுமே இல்லை என்று வருடக்கணக்கில் பொய் சொல்லும். ஏப்ரனை மடித்து நாற்காலியில் போடாதீர்கள், உள்ளே ஈயத் தாள் விரிசல் விடும். வெளியே தையல் நன்றாகவே இருக்கும்.

படித்து முடித்த பிறகு சின்ன சென்டர்களில் ஒரு கோரிக்கை வரும்: "அல்ட்ராசவுண்டையும் நீயே பார்த்துடு, டாக்டர் கையெழுத்துப் போட்டுடுவார்." கர்ப்பிணிகளின் ஸ்கேனை யார் செய்யலாம் என்பதற்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, வேலைக்கு வைத்தவருக்கு மட்டுமல்ல, வேலை செய்தவருக்கும். சம்பளம் எவ்வளவு என்றாலும் வேண்டாம்.

இன்டர்ன்ஷிப்புக்கு வருபவர்களிடம் முதல் நாள் நான் ஒன்று செய்யச் சொல்வேன். சக மாணவரை மேசையில் படுக்கவைத்து, முழங்காலுக்குப் பொசிஷன் வைத்துக்காட்டு, எக்ஸ்போஷர் கிடையாது, மெஷினை ஆன்கூடச் செய்யவேண்டாம் என்று. பெயரைக் கேட்பவர்கள், தூரத்தை டேப்பில் அளப்பவர்கள், எழுத்தைத் தேடுபவர்கள் சிலர் இருப்பார்கள். மற்றவர்கள் மேசையைத் தாண்டி நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.