சினை நிற்காத மாடு: பழி ஏன் ஊசி மேலேயே விழுகிறது?

"மூணு ஊசி போட்டாச்சு, இன்னும் நிக்கல. வேற காளையோட ஊசி கிடைக்குமா?" சொசைட்டியில் பால் ஊற்ற நிற்கும்போது வாரத்துக்கு ஒருமுறையாவது இது காதில் விழும். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டு அலைந்தவன்தான்.

ஊசி, அதாவது காளையின் விந்தை மாட்டின் கருப்பையில் செலுத்தும் செயற்கைக் கருவூட்டல், பெரும்பாலும் தன் வேலையைச் செய்துவிடுகிறது. சரியான நேரத்தில் போட்ட 10 மாடுகளில் எட்டு ஒன்பதில் கரு உருவாகிவிடும். கன்று வரை போவது ஐந்து போல. மிச்சக் கருக்களில் முக்கால்வாசி முதல் இரண்டரை வாரத்துக்குள், நமக்குத் தெரியாமலேயே கரைந்துபோகிறது. மாடு 21-ஆம் நாள் மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும். நாம் காளையைத் திட்டுவோம்.

பெரிய தவறு, தீவனத்தை ஊசிக்குப் பிறகு கூட்டுவது. இன்று வெளியே வரும் கருமுட்டை நேற்று முளைத்ததல்ல. சினைப்பைக்குள் அது வளர்ந்து முதிர இரண்டு மூன்று மாதம் ஆகிறது. கன்று ஈன்று 70-ஆம் நாள் ஊசி போடுகிறீர்கள் என்றால், அந்த முட்டை வளரத் தொடங்கியது ஏறக்குறைய ஈன்ற வாரத்தில். பால் உச்சத்துக்குப் போவது ஆறாவது, எட்டாவது வாரம். மாட்டின் பசி முழுதாகத் திரும்புவதோ பத்து வாரத்துக்கு மேல். நடுவில் மாடு தன் கொழுப்பைக் கரைத்துப் பால் கொடுக்கிறது. கரைந்த அந்தக் கொழுப்பு முட்டையைச் சுற்றியுள்ள நீர் வரை போய்ச் சேர்ந்து முட்டையைக் கெடுக்கிறது. ஈன்றதும் மாடு இளைப்பது பின்னால் வெளிவரும் முட்டையைப் பாதிக்கும் என்ற கருத்தை, அமெரிக்காவின் மாட்டு இனப்பெருக்க ஆராய்ச்சியாளர் ஜாக் பிரிட் 1992-லேயே முன்வைத்தார்.

எங்கள் ஜெர்சி கலப்பு ஒன்று, சினையாக இருந்தபோது உருண்டு திரண்டு இருந்தது. பார்க்கிறவர்கள் கண்ணு வைப்பார்கள் என்று பயந்தோம். ஈன்ற ஒரு மாதத்தில் விலா எலும்பை எண்ண முடிந்தது. மூன்று ஊசியும் வீண். சினையின் கடைசி இரண்டு மாதம் கொழுக்க வைத்ததுதான் வினை. கொழுத்த மாடு ஈன்றதும் சரியாகத் தின்னாது, அதனால் வேகமாக இளைக்கும். விலா லேசாகத் தெரிகிற அளவில் ஈன வைத்து, ஈன்றதிலிருந்தே அடர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, தாது உப்பையும் விடாமல் கொடுப்பதுதான் முறை.

அடுத்தது நேரம். காலையில் கத்தினால் மாலை, மாலையில் கத்தினால் மறுநாள் காலை என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு நாள் தள்ளிப் போடுவோம். பருவம் அடங்கி 10 முதல் 14 மணி நேரத்தில் முட்டை வெளியே வந்துவிடும். அப்புறம் அதன் நல்ல நேரம் ஆறிலிருந்து பத்து மணி நேரம்தான். கிழடாகிவிட்ட முட்டையிலும் கரு பிடிக்கலாம், ஆனால் நோஞ்சான் கருவாக இருக்கும். சிலர் ரத்தம் கண்டதும் ஊசிக்கு ஓடுகிறார்கள். பருவம் முடிந்து ஓரிரு நாளில் வருகிற ரத்தம் அது. நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஊசி போட்ட மாட்டில் அது வந்தால் பயப்படவும் வேண்டாம், சினை நின்றது, நிற்கவில்லை என்று ஜோசியம் பார்க்கவும் வேண்டாம். ஆனால் பருவத்துச் சளி கண்ணாடி போல இல்லாமல் வெள்ளைத் திட்டோடு வந்தால் அந்தப் பருவத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சீழ் உள்ள கருப்பையில் கரு தங்காது.

வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஊசி போட்ட முதல் மூன்று நாள் கரு கருக்குழாயில்தான் இருக்கும், சில செல்கள்தான். சூட்டைத் தாங்கும் திறன் அதற்கு இன்னும் வரவில்லை. அதே நேரத்தில்தான் மாட்டை மத்தியான வெயிலில் மருந்தகத்துக்கு நடத்திப் போய்த் திரும்ப ஓட்டி வந்து, தகரக் கொட்டகையில் கட்டுகிறோம். 101.5 டிகிரி இருக்க வேண்டிய உடம்பு 103-ஐத் தாண்டினால் கருவுக்கு ஆபத்து. அந்த மூன்று நாளாவது வேப்ப மரத்தடி, ஈரச் சாக்கு, தொட்டி நிறையத் தண்ணீர். கத்திரியில் சூடு பட்ட முட்டைகள் பின்னால்தான் வெளியே வரும். அதனால் மழை தட்டிய பிறகும் ஒன்றிரண்டு பருவம் வீணாகலாம்.

புண்ணாக்கைத் திடீரென்று அள்ளிப் போடுவதும் நல்லதல்ல. புரதம் மிஞ்சினால் ரத்தத்தில் யூரியா ஏறி, கருப்பையின் தன்மை மாறிவிடும்.

கொட்டகைச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டி, ஊசி தேதியையும் மறுபடி கத்திய தேதியையும் எழுதுங்கள். 18 முதல் 24 நாளுக்குள் திரும்பினால் கரு உருவாகவே இல்லை, அல்லது முதல் 16 நாளுக்குள் போய்விட்டது: நேரம், முட்டை, வெயில் என்று பின்னோக்கிப் பாருங்கள். 30, 35 நாள் கழித்துக் கத்தினால் உருவாகி நின்ற கரு பிறகு போயிருக்கலாம். அதை மருத்துவரிடம் தேதியோடு சொல்லுங்கள். கத்தாத மாட்டை 30 நாளுக்கு மேல் ஸ்கேனில் பார்க்கலாம், மருத்துவர் கையை உள்ளே விட்டுச் சோதிக்க இரண்டு மாதம் வரை பொறுக்கலாம்.