குழந்தையோடு கொழும்பில் தங்குவதற்கு இடம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலிருந்து குழந்தைகளோடு கொழும்புக்குப் போகும் குடும்பங்களுக்கு அறை பார்த்துக் கொடுக்கும் வேலையை நெடுங்காலமாகச் செய்து வருகிறேன். பாடசாலை விடுமுறை தொடங்கியதும் அதே கேள்விகள் வரும். விடுமுறை முடியும்போது அதே முறைப்பாடுகளும் வரும். துப்புரவு, பூட்டு, முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு ஆகியவற்றை எந்தத் தாய் தகப்பனும் சொல்லாமலே பார்ப்பார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. முதல் தடவை போகிறவர்கள் திரும்பத் திரும்ப விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

விடியற்புறம் இறங்கும் குழந்தைக்குப் பிற்பகலில் திறக்கும் அறை

இங்கிருந்து இரவில் புறப்படும் பஸ் பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, அதிகாலை நாலரை, ஐந்து மணியளவில் ஆட்களைப் புறக்கோட்டையிலோ வெள்ளவத்தையிலோ இறக்கிவிடுகிறது. ஹோட்டல்களிலோ அறை கொடுக்கும் நேரம் பெரும்பாலும் பிற்பகல் 2 மணி. இடையில் கிடக்கும் ஒன்பது மணித்தியாலத்தைப் பற்றி அறை பதிவு செய்யும்போது எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பத்தாம் திகதி காலை போய்ச் சேர்கிறோம், ஆகவே பத்தாம் திகதிக்கு அறை போடுவோம் என்று எல்லோரும் நம்பிக்கையோடு போட்டுவிடுகிறார்கள்.

ஓகஸ்ட் விடுமுறையொன்றில் களுவாஞ்சிகுடிக் குடும்பமொன்றை வெள்ளவத்தையில் ஒரு விடுதியின் முன்கூடத்தில் கண்டேன். இரண்டு கதிரைகளைச் சேர்த்துப் போட்டு, தாயின் கைப்பையைத் தலைக்கு வைத்து, மூன்று வயதுப் பெண்பிள்ளையைப் படுக்க வைத்திருந்தார்கள். வாசல் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அது விழித்துச் சிணுங்கியது. பால் கரைக்கச் சுடுதண்ணீர் கேட்டு அம்மம்மா போத்தலோடு எதிர்த்த தேநீர்க் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். "அறையில ஆக்கள் இருக்காங்க அக்கா, ரெண்டு மணிக்குத்தான் தரலாம்" என்று அங்கிருந்த பையன் பணிவாகத்தான் சொன்னான். அவன் மீது பிழை சொல்ல முடியாது. முந்தின இரவுக்குக் காசு கட்டியவர் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்போது அவன் எந்த அறையைத் திறந்து கொடுப்பான்? நேரத்தைப் போக்குவதற்காகத் தகப்பன் எல்லோரையும் தெகிவளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போனார். பிள்ளை யானையையும் பார்க்கவில்லை, குரங்கையும் பார்க்கவில்லை. தகப்பனின் தோளிலேயே தூங்கிவிட்டது. பின்னேரம் அதற்குக் காய்ச்சல் பிடித்தது. மறுநாள் காலிமுகத்திடலுக்கும் நூதனசாலைக்கும் போவதாக இருந்த ஏற்பாடு அத்தோடு நின்று போயிற்று.

இதை எத்தனை பேருக்குச் சொல்லியும், "வெறும் ஐந்து மணித்தியாலம் படுக்கிறதுக்கு ஒரு முழு இரவுக் காசா?" என்ற மறுமொழியே வருவது எனக்கு இன்றைக்கும் ஆத்திரத்தைத் தருகிறது. நுழைவுச்சீட்டு, முச்சக்கர வண்டி, கடைச் சாப்பாடு, மருந்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் பிடித்த காசு எங்கே போயிற்று என்று தெரியும். பெரியவர்கள் மட்டும் போவதென்றால் பொதியை வைத்துவிட்டுக் கடற்கரையில் நடந்து நேரத்தைக் கழிக்கலாம். இரவு முழுவதும் பஸ்ஸில் ஆடிக் குலுங்கி வந்த குழந்தைக்குத் தேவையானது ஒரு கட்டிலும் ஒரு குளியலறையும்தான்.

பத்தாம் திகதி விடியப் போய்ச் சேர்வதென்றால் ஒன்பதாம் திகதி இரவுக்கே அறையைப் பதிவு செய்யுங்கள். அதோடு முடியவில்லை. "ஒன்பதாம் திகதிப் பதிவு எங்களுடையது, ஆனால் பத்தாம் திகதி அதிகாலை 5 மணிக்கே வருவோம்" என்று தொலைபேசியில் சொல்லி, அதையே வட்ஸ்அப்பிலும் எழுதிப் பதில் வாங்கிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், இரவு நெடுநேரமாகியும் ஆள் வரவில்லை என்று கருதி அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடும் இடங்கள் உண்டு. அப்போது காசும் போய் அறையும் போய்விடும். "ஏலுமென்றால் முந்தித் தருவோம்" என்ற வார்த்தையை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முந்தின இரவு அறை வெறுமையாக இருந்தால் மட்டுமே அது நடக்கும், பாடசாலை விடுமுறைக் காலத்தில் அப்படி இருப்பது அரிது. இரண்டு இரவுக் காசு கட்ட வசதியில்லாதவர்கள் பகல் பயணத்தை யோசிக்கலாம். காலையில் வெளிக்கிட்டால் அறை திறந்த பிறகு போய்ச் சேரலாம், குழந்தையும் வழி பார்த்துக்கொண்டு வரும்.

சில சிறிய விடுதிகள் உள்ளே வந்த நேரத்திலிருந்து 24 மணித்தியாலம் என்று கணக்கு வைப்பார்கள். இரவு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் காலை 5 மணிக்கு வந்தவர் மறுநாள் காலை 5 மணிக்கு வெளியேற வேண்டும் என்பதையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கடைசி நாள்

இதே தவறின் மறுபக்கம். அறையைப் பகல் 11 அல்லது 12 மணிக்கு விட வேண்டும். திரும்பும் பஸ் இரவில்தான். அரை நாள் கட்டணத்துக்கு அறையைப் பின்னேரம் வரை வைத்திருக்கலாமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள், கடைசி நாள் காலையில் கேட்காதீர்கள்.

குழந்தையின் வயதைச் சொல்லாமல் விடுவது

இணையத்தில் "இரண்டு பேர்" என்று மட்டும் போட்டால் விலை குறைவாகக் காட்டும். எத்தனை வயது வரை கட்டணமில்லை என்பது இடத்துக்கு இடம் மாறும். வாசலில் வைத்து மேலதிகக் கட்டிலுக்குக் காசு கேட்கும்போது வாதாடிப் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் வெள்ளவத்தை

நம்மவர்களுக்குக் கொழும்பில் தங்குவதென்றாலே வெள்ளவத்தைதான். தமிழில் பேசலாம், இடியப்பமும் புட்டும் கைக்கெட்டிய தூரத்தில் கிடைக்கும், மிருகக்காட்சிசாலையும் பக்கம். ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் பொரளையில் உள்ள சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கிளினிக் காட்டப் போகும் பிள்ளையை, பாடசாலையும் அலுவலகமும் தொடங்கும் நேரத்து நெரிசலில் அங்கிருந்து கொண்டுபோவது வீண் சிரமம். பயணத்தில் குழந்தை எந்த இடத்துக்கு அதிகாலையில் போக வேண்டுமோ, அந்த இடத்துக்கு அருகில் அறை எடுங்கள். வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்க்காமல், வேலை நாளொன்றில் நீங்கள் புறப்படப் போகும் அதே நேரத்தில் எவ்வளவு நேரம் காட்டுகிறது என்று பாருங்கள்.

கடல் தெரியும் அறை

கோட்டையிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதை வெள்ளவத்தையில் கடலை ஒட்டியே ஓடுகிறது. படத்தில் கடல் தெரியும் அறை எதுவோ, அதற்கு ரயில் சத்தமும் கேட்கும். தூக்கம் கலைந்தால் திரும்பத் தூங்காத பிள்ளையென்றால் உள்பக்க அறையைக் கேளுங்கள். அதைவிட முக்கியமானது பல்கனி. தொடர்மாடி வீடுகளை அறைகளாக்கி விடும் இடங்களில் யன்னலுக்குக் கம்பி இருக்கிறதா, பல்கனிக் கம்பிகளுக்கு நடுவே பிள்ளையின் தலை நுழையுமா, கண்ணாடிக் கதவுக்கு எட்டாத உயரத்தில் கொக்கி உண்டா என்று படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அறைக்குள் போனதும் முதல் வேலையாகப் பல்கனியில் கிடக்கும் கதிரையை உள்ளே எடுத்துவிடுங்கள்.

நுளம்பு

டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

லிஃப்ட்

இருக்கிறதா என்று கேட்டால் போதாது, வேலை செய்கிறதா என்று கேளுங்கள்.

வெளிநாட்டு உறவினர் போட்டுத் தரும் பதிவு

கனடாவிலிருந்து மாமாவோ சுவிஸிலிருந்து சித்தியோ அன்போடு இணையத்தில் அறை போட்டுத் தருவார்கள். பல ஹோட்டல்களில் உள்நாட்டவருக்கு ஒரு கட்டணமும் வெளிநாட்டவருக்கு வேறொரு கட்டணமும் உண்டு. அங்கிருந்து பார்ப்பவருக்கு டொலர் விலையே காட்டப்படலாம். பதிவும் அவர் பெயரில் இருக்கும், அடையாள அட்டை உங்கள் பெயரில் இருக்கும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விடியற்காலையில் நின்று விளக்கம் சொல்ல வேண்டி வரும். அவர்களிடம் காசை மட்டும் அனுப்பச் சொல்லிவிட்டு, ஹோட்டலுக்கு நீங்களே பேசி, உள்நாட்டுக் கட்டணத்தைக் கேட்டு, உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள்.