ஸ்பாய்லர் முனைகள் தூக்கிக்கொண்டதை நான் சரிசெய்த விதம்

சாதாரண செடானுக்கு ஸ்போர்ட்ஸ் மாடலின் தோற்றம் தர, டிக்கி மூடியின் விளிம்பில் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கால் ஆன லிப் ஸ்பாய்லரை (மெல்லிய துடுப்பு போன்ற பட்டை) இருபக்க டேப்பால் ஒட்டியிருந்தேன். சில வாரங்களில் இரு முனைகளும் தூக்கிக்கொண்டன. டேப்தான் மோசம் என்று தோன்றும். ஆனால் மீன்பிடி நரம்பால் அறுத்துக் கழற்றி, டேப் இல்லாமல் வைத்துப் பார்த்தால் முனைகள் 4 மி.மீ. எழும்பி நின்றன. அந்த இழுப்பு இருக்கும்வரை எந்த டேப்பும் தாங்காது.

பெயின்ட் இல்லாத உட்புறத்தில் ஹீட் கன்னை நகர்த்திக்கொண்டே சூடாக்கினேன் (ஒரே இடத்தில் நின்றால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும்). மூடியில் துணி விரித்து, அதன் வளைவுக்கு அழுத்திப் பிடித்து ஆறவிட்டேன். இரண்டு முறை செய்தபின் தானாகவே படிந்தது.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து இரு பரப்பையும் துடைத்தேன். டேப் 1.1 மி.மீ. அக்ரிலிக் ஃபோம். மெல்லியது வேண்டவே வேண்டாம்: வெயிலில் ஏபிஎஸ் இரும்பைவிடப் பல மடங்கு விரியும், அந்த அசைவை ஃபோம்தான் வாங்கிக்கொள்ளும். நடுவிலிருந்து முனை நோக்கி அழுத்தி ஒட்டவும். முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம் ஆகும். அதுவரை வண்டியைக் கழுவக் கூடாது.