ஷெஃபீல்டில் குளிர் எப்படி இருக்கும்? புதிதாக வருகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் இருக்கும் ஷெஃபீல்டுக்குக் கிளம்பும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே மைனஸில் போகுமா?" சில இரவுகளில் போகும். ஆனால் நம்மைப் பாடாய்ப் படுத்துவது மைனஸ் இல்லை, 5 டிகிரிதான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே வெஸ்டன் பார்க் என்று ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே 1882 முதல் வானிலையைக் குறித்து வருகிறார்கள். சராசரியாக ஜனவரியில் பகல் 7 டிகிரி, இரவு 2. ஏப்ரலில் பகல் 13, இரவு 5. ஜூலையில் பகல் 21, இரவு 13. அக்டோபரில் 14க்கும் 8க்கும் இறங்கி, டிசம்பரில் பகல் மறுபடி 7, 8க்கே வந்து நிற்கும். அதாவது இங்கே நடுக்கோடை என்பது ஊட்டி சீசன் மாதிரி.

இதைப் படித்துவிட்டு, "7 டிகிரிதானே, கொடைக்கானலில் பார்க்காததா?" என்று நானும் நினைத்தேன். கொடைக்கானலில் காலையில் நடுங்கினாலும் பத்து மணிக்கு வெயில் வந்து முதுகைத் தட்டிக்கொடுக்கும். இங்கே ஜனவரியில் அந்த 7 டிகிரியே மதியம் இரண்டு மணிக்கு, அதுவும் ஈரக்காற்றோடு. டிசம்பர் கடைசியில் காலை எட்டேகாலுக்கு விடியும், மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வேலைக்குப் போவதும் திரும்புவதும் இருட்டில்தான். உடம்பைவிட மனசுதான் முதலில் சோர்ந்துபோகும். மதிய இடைவேளையில் பத்து நிமிடமாவது வெளியே நடந்துவிட்டு வாருங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை எல்லாரும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்கலாம் என்பது இங்குள்ள அரசு மருத்துவத்துறையின் அறிவுரை. நம் நிறத்துக்காரர்கள் வருடம் முழுக்கவே எடுப்பதை யோசிக்கச் சொல்கிறார்கள்.

மழையைப் பற்றி ஒரு வேடிக்கை. வருடத்துக்கு இங்கே பெய்வது சுமார் 830 மில்லிமீட்டர். சென்னையில் 1,400 வரை பெய்கிறது. ஆனால் சென்னை மழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே அதை 130 நாளுக்கு மேல் பிரித்துப் பிரித்துத் தூறும். ஊரிலிருந்து குடை கொண்டுவராதீர்கள். என் குடை வந்த வாரமே மேட்டுக் காற்றில் தாமரைப்பூ மாதிரி மேல்நோக்கி விரிந்து கம்பி ஒடிந்தது. தொப்பியோடு கூடிய, தண்ணீர் புகாத ஜாக்கெட்தான் இங்கே உதவும். அதையும் தி.நகரிலோ மதுரையிலோ வாங்க வேண்டாம். நம் ஊர் ஸ்வெட்டருக்குள் இந்தக் காற்று சல்லடைக்குள் புகுகிற மாதிரி புகும். இங்குள்ள சாரிட்டி கடைகளில் (தானமாக வந்த பழைய பொருள்களை விற்கும் கடைகள்) நல்ல கோட்டு மலிவாகவே கிடைக்கும்.

அப்புறம் மேடு. ஊரே ஏற்ற இறக்கம். வெஸ்டன் பார்க் 131 மீட்டர் உயரம். மேற்கே லாட்ஜ் மூர் என்ற பகுதி 300 மீட்டரை ஒட்டியது. கீழே தூறல் விழும்போது மேலே பனி விழுந்துகொண்டிருக்கும். வாடகை குறைவு என்று மேட்டில் வீடு பிடிப்பவர்கள் இதையும் சேர்த்து யோசியுங்கள். வானம் தெளிந்திருந்த இரவுக்கு மறுநாள் காலை, நடைபாதையில் கண்ணுக்கே தெரியாமல் மெல்லிய ஐஸ் படிந்திருக்கும். 'பிளாக் ஐஸ்' என்பார்கள். குரூக்ஸ் பக்கத்து இறக்கத்தில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு நான் உட்கார்ந்த நிலையிலேயே பத்தடி போனேன். டிபன் பாக்ஸ் எனக்கு முன்னால் போய், சாம்பார் சாதத்தைத் தெருவெல்லாம் இறைத்தது. அடிப்பாகம் வழவழப்பான ஷூவை அன்றே தூக்கிப்போட்டேன்.

வீட்டுக்குள் இருக்கும் வில்லன் ஈரம். முதல் குளிர்காலத்தில் ஜன்னல்களை இறுக்கிச் சாத்திவிட்டு, படுக்கையறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேலேயே துணி காயப்போட்டோம். ஜனவரியில் அலமாரியை நகர்த்திப் பார்த்தால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. "துணி காயப்போட்டது நீங்கள்தானே" என்று வீட்டு ஓனர் கையை விரித்துவிட்டார். குளித்தாலும் சமைத்தாலும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். முடிந்தால் ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் ஒன்று வாங்குங்கள். ஹீட்டிங்கை 18, 19இல் வைத்தால் போதும், பில்லும் கட்டுக்குள் இருக்கும். என்ன, அந்தச் சூட்டில் இட்லி மாவு புளிக்காது. ஓவனில் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை இரவு முழுக்க உள்ளே வையுங்கள். காலையில் பொங்கியிருக்கும். அதற்கு முன், ஓவன் உள்ளே மாவு இருக்கிறது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

கோடையை யாரும் எச்சரிப்பதில்லை. 2022 ஜூலை 19 அன்று வெஸ்டன் பார்க்கில் 39 டிகிரியைத் தாண்டியது. வெப்பத்தைப் பிடித்து வைக்கக் கட்டிய வீடுகள். சீலிங் ஃபேனும் கிடையாது. வெயில் வந்தபின் கடைக்குப் போனால் டேபிள் ஃபேன் தீர்ந்திருக்கும், ஏப்ரலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். பெரும்பாலான வருடங்களில் அவ்வளவு போகாது, கடும் வெயிலும் ஒரு வாரமோ பத்து நாளோதான். மற்ற நாளெல்லாம் வெள்ளை மெழுகாக உறைந்து, கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுக்கும் தேங்காய் எண்ணெய், அந்த வாரம் மட்டும் பாட்டிலில் தானாக உருகி நிற்கும்.