"எங்கள் கடன்தானே": அமெரிக்க வங்கிகளின் வசூல் பிரிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிரட்டாதே, காலை 8 மணிக்கு முன்பும் இரவு 9 மணிக்குப் பின்பும் அழைக்காதே என்பதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள் வேறு.

"கொடுத்தது நாங்கள், சட்டம் எங்களுக்கு இல்லை"

புதிய வசூல் குழுக்களில் அலுக்காமல் திரும்பத் திரும்ப வரும் வாதம் இது. எரிச்சல் வரக் காரணம், இது பாதி உண்மை. 1977-இன் கூட்டாட்சிக் கடன் வசூல் சட்டமும், அதன்கீழ் 2021 நவம்பர் 30 முதல் நடப்பிலுள்ள ரெகுலேஷன் எஃப் விதிகளும் முக்கியமாகப் பிறருக்காக வசூலிப்பவர்களுக்கானவை. தன் கடனைத் தன் பெயரில் வசூலிக்கும் வங்கி அவற்றுக்குள் வராது. ஆனால் கடிதத்தில் தனி வசூல் ஏஜென்சி போலத் தோன்றும் வேறொரு பெயரைப் போட்டால், அந்த நொடியே வந்துவிடும்.

அதைவிடப் பெரிய ஓட்டை மாநிலச் சட்டங்களை மறப்பது. கலிபோர்னியாவின் ரோசென்தால் சட்டம் தன் கடனைத் தானே வசூலிப்பவரையும் வசூலாளராகவே கருதுகிறது. கூட்டாட்சிச் சட்டத்தின் பெரும்பாலான கட்டுப்பாடுகளை அவர் மீதும் சுமத்துகிறது. மாசசூசெட்ஸில் கடன் கொடுத்தவருக்கே நேரடி வரம்பு உண்டு: கடனாளியின் சொந்த எண்ணுக்கு 7 நாளில் 2 தொடர்புகள்தான், குறுஞ்செய்தியும் கணக்கில் சேரும். ரெகுலேஷன் எஃப்பில் படித்த "ஒரு கடனுக்கு 7 நாளில் 7 அழைப்பு" என்ற எண்ணை டயலரில் (தானாக அழைக்கும் மென்பொருளில்) எல்லா மாநிலத்துக்கும் பொதுவாகப் போட்டுவிட்டால், மாசசூசெட்ஸின் பாஸ்டன் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் வாரம் 5 மீறல் வரை. அதை ஒரு ஆள் செய்வதில்லை, மென்பொருள் செய்கிறது. புகார் வரும்வரை யார் கண்ணிலும் படாது.

டயலரின் வரம்பை வாடிக்கையாளரின் மாநிலத்தோடு இணையுங்கள். முகவரி மாறினால் அன்றே வரம்பும் மாறட்டும். மாநிலச் சட்டமே இல்லாத இடத்திலும் 2010-இன் டாட்-ஃபிராங்க் சட்டம் நியாயமற்ற, ஏமாற்றும், அத்துமீறும் செயல்களை வங்கிகளுக்குத் தடுத்திருக்கிறது.

ஏரியா கோடு (எண்ணின் முதல் மூன்று இலக்கம்) மட்டும் பார்ப்பது

எண் நியூயார்க்கின் 212, வீடு லாஸ் ஏஞ்சலிஸ் என்றால் அழைக்கும் நேரம் இரண்டு ஊருக்கும் பொருந்த வேண்டும். பசிபிக் நேரம் காலை 8 முதல் மாலை 6 வரைதான் மிச்சம்.

ஏஜென்சிக்குக் குழப்பமான கணக்கு அனுப்புவது

வசூலை வெளி ஏஜென்சியிடம் ஒப்படைக்கும்போது அசலை ஒரு தேதியிலிருந்தும் வட்டியை வேறொரு தேதியிலிருந்தும் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஏஜென்சி கடனாளிக்குக் கடன் விவரம் சொல்லி அனுப்பும் சரிபார்ப்பு அறிவிப்பில் ஒரே அடிப்படைத் தேதிதான் இருக்கலாம்: கடைசி ஸ்டேட்மென்ட், வாராக்கடனாக எழுதிய நாள், கடைசியாகப் பணம் கட்டிய நாள், பரிவர்த்தனை நாள், தீர்ப்பு நாள் இவற்றில் ஒன்று. அந்த நாளின் நிலுவையும், அதற்குப் பிறகு சேர்ந்த வட்டி, கட்டணம், வரவு எல்லாமும் தனித்தனியாக வேண்டும்.

காலாவதியான கடனுக்கு வழக்கு மிரட்டல்

ஏஜென்சிக்கு முற்றிலும் தடை. நியூயார்க்கில் நுகர்வோர் கடனுக்குக் காலம் 3 ஆண்டுதான்; அது முடிந்த பிறகு ஒரு தவணை வாங்கினாலும் கெடு புதிதாகத் தொடங்காது.

வசூல் பதிவுகளை அழிப்பது

ஏஜென்சி தன் கடைசி வசூல் நடவடிக்கைக்குப் பின் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.