தாமிரபரணியோடு இறங்கி நடக்க: பாபநாசம் முதல் கல்லிடைக்குறிச்சி வரை

நெல்லை மாவட்டத்துப் பாபநாசம் வருகிறவர்களில் பலர் கோயில் படித்துறையில் முங்கி எழுந்து, அகஸ்தியர் அருவிக்கு ஏறி இறங்கி, மதியத்துக்குள் குற்றாலம் பக்கம் போய்விடுவார்கள். கீழே சுமார் 3 கிலோமீட்டரில் இருக்கும் வி.கே.புரம், அதாவது விக்கிரமசிங்கபுரம், அவர்களுக்குப் பேருந்து ஜன்னலில் ஓடி மறையும் ஊர். கடையநல்லூர், தென்காசிப் பக்கம் சொந்தம் பார்க்கச் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வருகிறவர்கள் ஒரு பகலை இந்த ஊருக்கு ஒதுக்கலாம். ஆனால் ஆறு போகும் திசையிலேயே நடக்க வேண்டும். மலையிறங்கும் தண்ணீர் முதலில் மின்சாரத்துக்கும், அடுத்துப் பஞ்சாலைக்கும், அதன்பின் வயலுக்கும் வேலை செய்தது இந்தச் சரிவில்தான். கீழிருந்து மேலே போனால் அந்த வரிசை பிடிபடாது.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். கார் என்னும் முதல் போக நெல் சாகுபடிக்கு அணை திறந்திருந்தால் வாய்க்கால்களில் தண்ணீர் ஓடும். மேற்கே சாரல் விழுவதால் வெயிலும் தணிந்திருக்கும். பிசானம் என்னும் அடுத்த போக நெல் அறுப்புக்கு முந்தைய ஜனவரியும் பரவாயில்லை. ஏப்ரல், மே மாதங்களில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் இதே ஆறு கரை புரண்டு நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களை மூழ்கடித்தது. மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களையும் தவிர்க்கவும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பெருங்கூட்டம் போகும், மலைச் சாலையில் வாகனக் கட்டுப்பாடு இருக்கும், பாபநாசத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. சித்திரை விசுவும் அப்படித்தான்.

திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்திலிருந்து பாபநாசத்துக்கு நேர் பேருந்து உண்டு. ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. சேரன்மகாதேவி வழியா என்று கேட்டு ஏறினால் திரும்பி வரும் ஊர்களைப் போகும்போதே பார்த்துவிடலாம். ரயில் என்றால் செங்கோட்டை வண்டியில் அம்பாசமுத்திரம் இறங்கி, அங்கிருந்து பேருந்து. வி.கே.புரத்துக்கு ரயில் கிடையாது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 10, 20 ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும். 500 ரூபாயை நீட்டினால் நடத்துநர் முகம் மாறும்.

காலை 7 மணிக்குள் பாபநாசநாதர் கோயில் படித்துறையில் இருங்கள். படித்துறை மீன்களுக்குப் பொரி போடுவது வழக்கம், பிடிக்கக் கூடாது. குளிப்பவர்கள் படியை விட்டு நகர வேண்டாம். பாறை வழுக்கும், சுழல் இருக்கும், மேலே மின் நிலையத்திலோ அணையிலோ தண்ணீர் கூட்டி விட்டால் மழையே இல்லாத நாளிலும் மட்டம் ஏறும். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விடச் சொல்வார்கள். விடாதீர்கள். மூட்டை மூட்டையாகத் துணியை அள்ளியும் தீராத ஆறு இது. குளிப்பவர்கள் இருக்கும் பக்கம் கேமராவைத் திருப்பவும் வேண்டாம்.

இங்கே மலையிலிருந்து விழும் நீரில் 1944 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் அதற்கு அறுபது ஆண்டு முன்பே இந்த நீரின் வேகத்தைக் கணக்குப் போட்டவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள். பருத்தி வாங்க வந்தவர்கள், 1880களில் திருநெல்வேலி மில் என்ற பஞ்சாலையை இந்த மலையடியில் வைத்ததற்குக் காரணம் இந்த நீர்விசைதான். நிலக்கரி தொலைவிலிருந்து வர வேண்டிய காலத்தில் சக்கரம் சுற்ற ஆறு கூலி கேட்கவில்லை. இதே ஹார்வி நிறுவனத்தின் தூத்துக்குடி கோரல் மில்லில்தான் 1908இல் வ.உ.சி. தலைமையில் வேலைநிறுத்தம் நடந்தது.

பாபநாசத்திலிருந்து சாலையோரமாகவே இறங்கினால் முக்கால் மணி நேரத்தில் ஆலைப் பகுதி வந்துவிடும். இன்று அதன் பெயர் மதுரா கோட்ஸ். உள்ளே விட மாட்டார்கள், வாசலில் நின்று கெஞ்சியும் பயனில்லை. வாயிலைப் படமெடுப்பதற்கு முன் காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது வெளியே இருக்கும் ஊர். ஆலையை நம்பி வளர்ந்த ஊர் என்பதால் குடியிருப்பும் கடைத்தெருவும் டீக்கடையும் ஷிப்டு நேரத்தோடு பழகியவை. ஷிப்டு முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில் டீக்கடையில் உட்கார்ந்தால் ஊர் சங்கதி தானே காதில் விழும். மூன்று தலைமுறை மில்லில் வேலை பார்த்த குடும்பங்களும் உண்டு. கேட்டால் சொல்வார்கள்.

இந்த அடிவாரப் பகுதியில் இருட்டிய பின் நடக்கக் கூடாது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் விளிம்பு இது. ஊரோரம் வரை இறங்கிய சிறுத்தையை 2024இல் வனத்துறை கூண்டு வைத்துப் பிடித்தது. அருவிக்குப் போவதானால் வனச் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக்கை எடுத்துவிடுவார்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

வி.கே.புரத்திலிருந்து அம்பைக்கு, அதாவது அம்பாசமுத்திரத்துக்கு, நடக்க வேண்டியதில்லை. சாலை நெரிசல், நிழலும் குறைவு. சிவந்திபுரம் வழியாகப் பேருந்தில் வந்துவிடுங்கள். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் மேலே முதலாவது கோடைமேலழகியான், அடுத்து நதியுண்ணி, மூன்றாவது கன்னடியன். கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தது. மற்றவை அதற்கு முந்தியவை. அம்பையில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ‘அம்பை 16’ என்று கடையில் கேட்கும் குண்டரிசி இங்கே பிறந்ததுதான். கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும் என்பதால் அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் பாலம் கடந்து கல்லிடைக்குறிச்சிக்கு நடங்கள். சுமார் 3 கிலோமீட்டர். பாலத்திலிருந்து மேற்கே பார்த்தால் காலையில் நின்ற மலை தெரியும். தென்கரை வயல்களுக்கு நீர் கொண்டுபோவது கன்னடியன் கால்வாய். கால்வாய்க்கரை மண்பாதையில் செருப்பு வழுக்கும், புதர்ப்பக்கம் பாம்பு இருக்கும்; பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்காமல் திரும்பினால் வீட்டில் பேச்சு கேட்க வேண்டும். நன்றாகக் காய்ந்ததா என்று பாருங்கள்: வளைத்தால் மடங்கக் கூடாது, ஒடிய வேண்டும். ஈரம் இருந்தால் இரண்டு வாரத்தில் பூசணம் பிடிக்கும். எவர்சில்வர் டப்பாவில் அடுக்கிக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டால் தூளாகத்தான் போய்ச் சேரும். திரும்பும் வழியில் பத்தமடையில் கோரைப் பாயும் கிடைக்கும். மெல்லிய பாயை மடிக்காமல் சுருட்டித்தான் கொண்டுபோக வேண்டும், மடித்தால் அந்த இடத்தில் கோரை ஒடியும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் பாய், அப்பளம் இரண்டையும் வருகை அறிவிப்புப் படிவத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். மறைத்தால் அபராதம்.